சகுவாரோப் பழமும் மழைப் பாட்டும்

ஜூன் மாதத்தின் பிற்பகுதி சொனோராப் பாலைநிலத்தின் மிகக் கொடிய காலம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிசோனா மாநிலத்திலும் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலும் பரந்து கிடக்கும் அந்நிலத்தில் குளிர்கால மழை ஓய்ந்து மூன்று திங்களுக்கு மேல் ஆகியிருக்கும். பகல் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டி நிற்கும். ஓடைகள் வெறும் மணல் தடங்களாய்க் கிடக்கும். பழைய நாளில், சென்ற அறுவடையின் மக்காச்சோளமும் அவரையும் சேமிப்புக் கூடையின் அடியைத் தொட்டிருக்கும். வேறெதுவும் விளையாத அவ்வேளையில் ஒன்று மட்டும் கனியும். நாற்பது அடி உயர்ந்து நிற்கும் சகுவாரோவின் உச்சியில் பச்சைத் தோல் வெடித்துச் செம்பழம் தோன்றும். தொலைவிலிருந்து காண்போர் அதனைச் சிவப்பு மலர் என்றே மயங்குவர்.

அந்நிலத்தின் தொல்குடியினராகிய தொஹோனோ ஓதம் மக்களுக்கு ஆண்டு பிறப்பது அப்போதுதான். நாட்காட்டியில் சகுவாரோ கனியும் திங்கள் என்றே அதற்குப் பெயர். பழம் அவர்தம் உணவு. பழச்சாறு புளித்து மதுவாகும். அந்த மதுவைச் சுற்றி அமர்ந்து பாடும் பாட்டே மழையைக் கொண்டுவரும் என்பது அவர்தம் நெறி. தாவர நூலார் பழத்தைப் பற்றி எழுதினர். சமய குருமார் மதுவைப் பற்றி எழுதினர். மானிடவியலார் பாட்டைத் தொகுத்தனர். மூன்றும் மூன்று பொருளல்ல, ஒரே செயலின் மூன்று படிகள் என்பதைப் பெரும்பாலோர் கருதிப் பார்க்கவில்லை. பழம் பறித்தல் குறைந்த காலத்தில் பாட்டுக்கு நேர்ந்தது என்ன என்பதைக் காணும்போதுதான் அவ்வுண்மை தெளிவாகப் புலப்படுகிறது.

'தொஹோனோ' என்பது பாலைநிலம். 'ஓதம்' என்பது மக்கள். தமிழில் ஓதம் என்னும் சொல் ஈரத்தையும் கடல்நீரையும் குறிக்கும். ஒலியொப்புமை முற்றிலும் தற்செயலானது. எனினும் ஈரத்துக்காகவே பாடி வாழ்ந்த ஒரு மக்களின் பெயரில் அவ்வொலி அமைந்திருத்தல் தமிழ்ச் செவிக்கு இனிக்கவே செய்யும்.

செடியும் பெயரும்

தமிழ் இலக்கியம் பயின்றோர்க்குக் கள்ளி என்றவுடன் நினைவுக்கு வருவது பாலொழுகும் கள்ளி. சங்கப் பாடல்களில் பாலை நிலத்தும் சுடுகாட்டுப் புறத்தும் நிற்பது அதுவே. சகுவாரோ அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. இது அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊர் வேலிகளில் மண்டிய சப்பாத்திக்கள்ளியும் அக்கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த அக்குடும்பத்துச் செடிதான். ஆகவே நம் கள்ளிக்கு நாம் ஏற்றிய வெறுமையையும் அமங்கலத்தையும் சகுவாரோவின்மேல் ஏற்றிவிடுதல் கூடாது.

ஓதம் மொழியில் இச்செடிக்கு 'ஹாஷஞ்' என்று பெயர், பழத்துக்குப் 'பஹிதஜ்'. ஜார்ஜ் எங்கெல்மன் என்னும் தாவரவியலார் 1848இல் இதற்கு அறிவியற் பெயரொன்று தந்தார். 1908இல் பிரிட்டன், ரோஸ் ஆகிய இருவரும் இதனைத் தனிப் பேரினமாகப் பிரித்துக் 'கார்னிகியா' எனப் பெயரிட்டனர். எஃகுத் தொழிலால் பெருஞ்செல்வம் ஈட்டிய ஆண்ட்ரூ கார்னிகியின் நினைவாக அமைந்த பெயர் அது. அவர் நிறுவிய அறக்கட்டளையின் பொருளுதவியால் 1903இல் தூசான் நகரின் துமமாக் குன்றில் பாலைநில ஆய்வகம் ஒன்று அமைந்திருந்தது. பல நூறு தலைமுறை அப்பழத்தைப் பறித்துண்ட மக்களின் சொல் அறிவியற் பெயரில் இடம்பெறவில்லை. பொருள் கொடுத்தவரின் பெயர் இடம்பெற்றது.

சகுவாரோ மிக மெல்ல வளரும். முதல் எட்டாண்டில் ஓரங்குலம், ஒன்றரை அங்குலம் வளர்ந்தாலே பெரிது. வெயிலும் உறைபனியும் தாக்காமல் இளஞ்செடியைக் காப்பது, அது முளைத்த இடத்துக்கு மேலே கிளை விரித்து நிற்கும் பாலோவெர்தே, மெஸ்கீத் போன்ற மரம். அதனைச் செவிலி மரம் என்றே தாவரவியலார் குறிப்பிடுவர். ஏறத்தாழ 35 ஆண்டு ஆன பின்னரே முதற்பூ. பக்கக் கிளைகள் தோன்ற ஐம்பது, எழுபது, சில இடங்களில் நூறு ஆண்டும் ஆகும். 150 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. வேர் ஆழச் செல்லாமல் செடியின் உயர அளவுக்கு நாற்புறமும் மேலோட்டமாகப் பரவியிருக்கும். ஒரு பெருமழை பெய்தால் 200 கேலன், அதாவது ஏறக்குறைய 750 லிட்டர் நீரை உறிஞ்சும் ஆற்றல் உடையது. உடலின் மடிப்புகள் விரிந்து அந்நீரை ஏற்கும்; வறட்சியில் சுருங்கும். வெண்ணிறப் பூ இரவில் மலர்ந்து மறுநாள் பிற்பகலில் குவிந்துவிடும். வௌவாலும் வெண்சிறகுப் புறாவும் தேனீயும் மகரந்தம் சுமக்கும். ஒரு பழத்தில் ஏறத்தாழ 2,000 விதை.

பழம் வறட்சியின் உச்சியில் கனிவதற்குக் காரணமும் உண்டு. சிந்திய விதை முளைக்க ஈரம் வேண்டும். கனிந்து விழும் காலத்தை அடுத்து, ஜூலைத் தொடக்கத்தில் கோடை மழை வரும். மழையை எதிர்நோக்கியே செடி தன் பழத்தை ஈனுகிறது.

பறித்தலும் காய்ச்சுதலும்

அறுவடைக்குக் குடும்பம் குடும்பமாகக் கள்ளிக் காட்டுக்குப் பெயர்ந்து இரண்டு மூன்று வாரம் அங்கேயே தங்குவர். பறித்தல் பெண்களின் பணி. சகுவாரோவின் உடலுக்குள்ளே மரத்தன்மை வாய்ந்த நீண்ட விலா எலும்புகள் போன்ற கழிகள் உள்ளன. இறந்து உலர்ந்த செடியிலிருந்து அவற்றை எடுத்து, இரண்டை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டி, நுனியில் குறுக்கே ஒரு சிறு குச்சி பொருத்துவர். 'குய்ப்பட்' எனப்படும் இத்துறட்டியால் பழத்தைத் தள்ளியும் இழுத்தும் வீழ்த்துவர். செடி தன் பழத்தைப் பறிக்கும் கோலையும் தானே தருகிறது. இறைச்சிக்காக விலங்கைக் கொல்வது போன்றதன்று இது. இறந்த முன்னோனின் எலும்பைக் கொண்டு வாழும் வழித்தோன்றலிடம் கேட்டு வாங்குவது போன்றது.

முதற்பழத்தை உடனே உண்பதில்லை. நன்றி கூறி, சதையை உடலில் நெஞ்சின்மேல் தொட்டு வைத்துப் பின்னரே உண்பர். பழத்தின் நுனியில் காய்ந்து ஒட்டியிருக்கும் பூவின் அடிப்பகுதி கூர்மையுடையது. அதுவே தோலைக் கீறும் கத்தி. உள்ளிருக்கும் செஞ்சதை அத்திப்பழம் போல் விதை நிறைந்து இனிக்கும். சதையை எடுத்துக்கொண்டு வெறுந்தோலை உட்புறம் வானை நோக்குமாறு தரையில் மலர்த்தி வைப்பர். அச்சிவப்பைக் கண்டு மழை இறங்கும் என்பது நம்பிக்கை. பறித்த இடமெங்கும் மண்ணில் செவ்வாய்கள் திறந்து கிடக்கும் அக்காட்சி, சொல்லில்லாத வேண்டுதல்.

செடியிலேயே காய்ந்து விழும் பழமும் வீணாவதில்லை. 'ஜுஞ்' எனப்படும் அவ்வுலர்பழத்தைத் திரட்டி வைத்துக்கொள்வர். பதமான பழச்சதையை நீரிலிட்டு ஊறவைத்து, மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு, கூடையில் வடிப்பர். வடித்த சாற்றை மீண்டும் நெடுநேரம் காய்ச்சிச் சுண்டவைத்தால் கருஞ்சிவப்பான பாகு கிடைக்கும். அதுவே 'சிதோல்'. மட்பானையில் ஊற்றி வாயை மண்பூசி அடைத்துவிட்டால் நெடுநாள் கெடாது. எஞ்சிய சக்கையைப் பாறைமேல் உலர்த்தி விதையைப் பிரிப்பர். விதையை வறுத்து அரைத்து மாவாக்கிக் கூழும் அடையும் செய்வர். அதில் எண்ணெய்ச் சத்து மிகுதி. சதை இனிமையையும், விதை கொழுப்பையும் புரதத்தையும் தந்தமையால், பஞ்ச மாதத்தின் இடையே சில வாரம் வயிறு நிறைந்தது.

உணவில் இப்பழத்தின் பங்கை மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் அம்மக்களைக் காத்தவை தெபரி அவரை, மக்காச்சோளம், பூசணி, மெஸ்கீத் காய், சோயா என்னும் வேறொரு கள்ளியின் மொட்டு, வேட்டை இறைச்சி ஆகியன. ('சோயா' என்பது இங்கு நாமறிந்த சோயா அவரையன்று.) சகுவாரோவின் சிறப்பு அளவில் இல்லை, காலத்தில் இருக்கிறது. கடைசிப் பிடி தானியத்துக்கும் முதல் மழைக்கும் இடைப்பட்ட பள்ளத்தை நிரப்பியது அது.

சகுவாரோவை மரமாக எண்ணாமல் மனிதராக எண்ணும் வழக்கம் இதனோடு ஒட்டியது. அதன் பிறப்பைக் கூறும் கதைகளுள் ஒன்று தாயின் புறக்கணிப்பைப் பேசுகிறது. பெண்கள் ஆடும் 'தோக்கா' என்னும் பந்தாட்டத்தில் மயங்கிய தாயொருத்தி தன் குழந்தையைத் தனியே விட்டுச் சென்றுவிட, அக்குழந்தை மண்ணில் புதைந்து கள்ளியாய் எழுந்தது என்பது அதன் சுருக்கம். பசித்த குழந்தையே பசி தீர்க்கும் பழமானது. சகுவாரோமேல் கல்லெறியாதே என்று சிறுவர்க்குச் சொல்லும் கட்டளையின் வேர் இவ்வெண்ணத்தில் உள்ளது.

மழையை வருவித்தல்

காட்டிலிருந்து ஊர் திரும்பியதும் ஒவ்வொரு வீடும் தான் காய்ச்சிய பாகில் ஒரு பங்கைப் பொதுவுக்குத் தரும். அதனை நீரோடு கலந்து பெரும்பானைகளில் ஊற்றி, ஊரின் வட்ட வீட்டில் வைத்து, முதியோர் காவலில் புளிக்க விடுவர். இரண்டு மூன்று நாளில் அது 'நவைத்' என்னும் மதுவாகும். அந்நாள்களின் இரவு முழுதும் வெளியே பாட்டும் ஆட்டமும் நிகழும். பாடலின் பொருள் பெரும்பாலும் மேகம், காற்று, இடி, நனைந்த மண், ஓடும் நீர், முளைக்கும் பயிர். உள்ளே பானையில் நொதித்தல் நிகழ, வெளியே பாட்டு அதற்குத் துணைநிற்கும். பாடாவிட்டால் மது பதமாகாது என்றே கருதினர்.

பதமான நாளில் ஊரார் வட்டமாக அமர, நெடிய மரபுரை ஒன்று ஓதப்படும். பின்னர்க் கலம் சுற்றிவரும். மண் மழையைக் குடித்து நிறைவது போல மனிதர் மதுவைக் குடித்து நிறைய வேண்டும் என்பது நெறி. நிறைந்து வாந்தி எடுத்தலும் குற்றமன்று. மேகத்தை வெளிவிடுதல் என்றே அதனைக் கூறினர். கள்ளைப் போல வலிமை குறைந்த மது அது. எடுத்துவைக்கவும் இயலாது, விரைவில் புளித்துக் கெடும். ஆகவே ஓரூர் முடிந்ததும் அடுத்த ஊர் எனச் சில நாளில் முழுவதும் குடித்துத் தீர்க்கப்படும். ஆண்டில் எஞ்சிய நாளுக்கு மது இல்லை. குடிப்பழக்கம் என்னும் சொல்லுக்கு இங்கே இடமே இல்லை என்பதை இம்முறையே காட்டும்.

அதன்பின் விதைப்பு. மலையோடை சமவெளியில் விரியும் வாயில் வெள்ளம் பரவி மண்ணை நனைத்ததும் குழியிட்டு விதைப்பர். ஓடைவாய் வேளாண்மை எனத்தக்க இம்முறையில் ஒரு வெள்ளத்தின் ஈரத்தைக் கொண்டே விரைந்து விளையும் சோளமும் தெபரி அவரையும் அறுவடைக்கு வந்துவிடும்.

எப்படியும் ஜூலையில் மழை வரத்தானே போகிறது, வரவிருக்கும் மழையைப் பாடி வரவழைத்ததாகக் கொள்வது பேதைமையன்றோ எனக் கேட்போர் உண்டு. சொனோரா மழையின் இயல்பு அறியாதோர் கேள்வி அது. ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும். அடுத்த பள்ளத்தாக்கில் புழுதி பறக்கும். ஒரு வாரம் தாழ்ந்தால் விதை வீணாகும். மழை வருமா என்பதல்ல, தம் வயலுக்கு வருமா என்பதே அவர்தம் கவலை. அக்கவலையைத் தனித்தனியே சுமக்காமல் ஊரே ஒரு பானையில் ஊற்றிக் காத்திருந்தது. பழத்தை வானுக்குக் காட்டிய கையும் விதையைக் குழியில் இட்ட கையும் ஒன்றே.

பாட்டு நூலேறிய கதை

1687இல் யூசேபியோ கினோ என்னும் ஏசு சபைக் குருவானவர் அந்நிலத்துக்கு வந்தார். அவருக்குப் பின்வந்த சமயப் பணியாளர்க்கும் அரசு அலுவலர்க்கும் சகுவாரோ விழா குடிக்கூத்தாகவே தோன்றியது. ஸ்பானியரின் நாவில் 'பயறுண்போர்' என்னும் பொருள்பட்ட உள்ளூர்ச் சொல் திரிந்து 'பாப்பகோ' ஆகி, அதுவே ஓதம் மக்களின் பெயராக நூல்களில் நிலைத்தது. 1986இல்தான் தம் அரசுமுறைப் பெயரைத் தொஹோனோ ஓதம் என அவர்கள் மாற்றிக்கொண்டனர். உணவைக் கொண்டு மக்களுக்குப் பெயரிட்டவர்கள் அம்மக்களின் தலையாய உணவுவிழாவை வெறுத்தது வரலாற்றின் முரண்.

1853இல் கையெழுத்தாகி 1854இல் உறுதிசெய்யப்பட்ட காட்ஸ்டன் உடன்படிக்கைப்படி அமெரிக்க அரசு மெக்சிகோவிடமிருந்து நிலம் வாங்கியது. விலை 1 கோடி டாலர். அந்நிலத்தில் வாழ்ந்தோரை எவரும் கேட்கவில்லை. எல்லைக்கோடு ஓதம் நாட்டை இரண்டாகப் பிளந்தது. தொல்குடியினர்க்கு மது விற்பதைத் தடுத்த கூட்டாட்சிச் சட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து 1953 வரை நடப்பில் இருந்தன. வெளியிலிருந்து வந்த சாராயத்தை மனத்தில் வைத்து எழுதப்பெற்ற சட்டத்தின் கண்ணுக்கு, வட்ட வீட்டில் ஆண்டுக்கொருமுறை புளிக்கும் பானை வேறாகத் தெரிய வழியில்லை.

இந்நிலையில் 1931 முதல் ரூத் அண்டர்ஹில் அங்கு ஆய்வுக்கு வந்தார். கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் பிரான்ஸ் போவாசிடம் பயின்றவர். மரியா சோனா என்னும் முதுபெண் தன் வாழ்க்கையை அவரிடம் கூற, அது 1936இல் நூலாயிற்று. 1938இல் வெளிவந்த 'ஆற்றலுக்காகப் பாடுதல்' என்னும் பொருளுடைய நூலில் மழை விழாப் பாடல்களையும் உப்புப் பயணப் பாடல்களையும் உரைகளையும் அண்டர்ஹில் ஆங்கிலத்தில் தந்தார். ஆடவர் கலிபோர்னிய வளைகுடாவுக்கு நடந்து சென்று உப்பெடுத்து வருவதும் மழையை நோக்கிய கடமையே. அப்பயணம் போன்ற அருஞ்செயலை முடித்தவர்க்கே கனவில் பாட்டு கிட்டும் என்பது அம்மக்களின் கவிதைக் கொள்கை. உழைத்தவனுக்குக் கூலியாகப் பாட்டு வந்தது, எழுத விரும்பியவனுக்கன்று.

அப்பாடல்கள் மிகச் சிறியன. ஏன் இத்துணைச் சுருக்கம் என்பதற்குச் சோனா தந்த விளக்கம், அறிந்தோரிடையே பாடப்படுவதால் மிகச் சொல்ல வேண்டியதில்லை என்னும் கருத்தில் அமைந்தது. அகப்பாடல் மரபில் பயின்றோர்க்கு இது புதுமையன்று. கருப்பொருளை அறிந்தோர்க்கு ஒரு பூவின் பெயரே பொழுதையும் இடத்தையும் உணர்த்திவிடும். ஓதம் பாட்டில் 'மேகம்' என்னும் ஒரு சொல், கனிந்த பழத்தையும் வட்ட வீட்டுப் பானையையும் காத்திருக்கும் வயலையும் ஒருங்கே உணர்த்தியது.

இங்குதான் நூலின் எல்லை தொடங்குகிறது. இரவு முழுதும் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடி ஆடியவர்களின் அனுபவம் தாளில் சில அடிகளாய்ச் சுருங்கிவிட்டது. அண்டர்ஹில்லின் பணியைக் குறைத்துக் கூறுவது நன்றியன்று. அவர் எழுதியிராவிட்டால் பல பாடல்கள் அழிந்தே போயிருக்கும். ஆயினும் தாளில் ஏறிய பாட்டு, பழமில்லாக் காலத்திலும் எவரும் படிக்கத்தக்க பாட்டாயிற்று. மழை வேண்டாதவர் படித்தாலும் அழகாக இருக்கும் மழைப்பாட்டு எந்த அளவுக்கு மழைப்பாட்டு என்னும் வினா எழாமற் போகாது.

டொனால்ட் பார், ஓதம் அறிஞர் சிலரோடு இணைந்து 1979இல் வெளியிட்ட மரபுரைத் தொகுப்பு இக்குறையைச் சிறிது போக்கியது. மூலமொழியையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்துத் தந்து, எவ்வுரை எவ்விழாவில் எப்போது கூறப்படும் என்பதையும் அது காட்டியது.

பழம் குறைந்த காலம்

பாடல்கள் நூலேறிய அதே ஆண்டுகளில் பழம் பறிப்போர் குறைந்துகொண்டிருந்தனர். அரசு தோண்டிய ஆழ்கிணறுகள் ஊர்களை ஓரிடத்தில் நிறுத்தின. பருத்தித் தோட்டங்களில் கூலிவேலை கிடைத்தது. கடையில் கோதுமை மாவும் பன்றிக்கொழுப்பும் சர்க்கரையும் கிடைத்தன. கூலிக்குப் போனவன் ஓடைவாயில் விதைக்கவில்லை. விதைக்காதவன் வெள்ளத்துக்குக் காத்திருக்கவில்லை. காத்திருக்காதவனுக்குப் பாட்டு எதற்கு? குருமாரின் கண்டனத்தாலும் சட்டத்தாலும் முற்றிலும் ஒழியாத விழாவை மாவு மூட்டை தளரச் செய்தது.

அதன் விலை உடலில் தெரிந்தது. ஓதம் மக்களின் உறவினராகிய கிலா ஆற்றுப் பீமா மக்களிடையே 1965இல் அமெரிக்க நலவாழ்வு ஆய்வு நிறுவனத்தார் நீண்டகால ஆய்வொன்றைத் தொடங்கினர். உலகில் மிக உயர்ந்த நீரிழிவு விகிதம் கண்ட சமூகங்களுள் ஒன்றாக அது அறியப்பட்டது. தொஹோனோ ஓதம் மக்களிடையேயும் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்நோய்க்கு ஆளாயினர். அவர்தம் பழைய உணவுகளுள் பல இரத்தத்தில் சர்க்கரையை மெல்லவே உயர்த்துவன என்பதை 1990இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. 1996இல் தொடங்கப்பட்ட சமூக அமைப்பு ஒன்று தெபரி அவரையைப் பயிரிடுவதையும் பழம் பறிப்பதையும் பாட்டையும் கூடை முடைதலையும் ஒரே திட்டமாக எடுத்துக்கொண்டது. மருந்துக்கும் கலைக்கும் தனித்தனி அலுவலகம் வைக்காத அவ்வறிவைப் பாராட்டாமல் இருக்க இயலாது.

பறிக்கும் உரிமையும் எளிதாக இருக்கவில்லை. 1933இல் சகுவாரோவைக் காக்கவென்றே தேசிய நினைவிடம் ஒன்று அமைக்கப்பட்டது. 1994இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 1961இல் தூசான் மலைப்பகுதி அதனோடு சேர்க்கப்பட்டபோது, அங்கே வழிவழியாகப் பழம் பறித்துவந்த ஓதம் குடும்பத்தின் பறிப்பும் சட்டத்தின் வட்டத்துக்குள் வந்தது. பின்னர் அது இசைவு பெற்றுத் தொடர்ந்தது. அக்குடும்பத்து மூதாட்டியைத் தொடர்ந்து அடுத்த தலைமுறைப் பெண்கள் அப்பறிப்பைக் கையேற்றனர். செடியைக் காப்பவர்கள் செடியோடு வாழ்ந்தவர்களிடம் இசைவுச் சீட்டுக் கேட்கும் நிலை உலகெங்கும் காடுகளில் காணப்படுவதே.

இக்காலத்தில் ஓதம் மொழிக்குக் கிட்டிய பெரும்பேறு ஒஃபீலியா செப்பேதா. பருத்தித் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து மொழியியலாளரானவர். அம்மொழிக்கு அவர் எழுதிய இலக்கணம் 1983இல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அவர் பதிப்பித்த ஓதம் கவிதைத் தொகுப்பின் பெயர், 'மழை பெய்யும்போது' எனப் பொருள்படும். 1995இல் வெளிவந்த அவரது கவிதைத் தொகுதி கடலின் ஆற்றலைத் தலைப்பாகக் கொண்டது. 1999இல் மக்கார்தர் நல்கை பெற்றார். கவனிக்கத்தக்கது யாதெனில், ஊர்தோறும் மழைவிழா தளர்ந்த பின் எழுதவந்த முதற்றலைமுறைக் கவிஞரும் மழையையே எடுத்துக்கொண்டார் என்பதே. பழைய பாட்டு மழையை நோக்கிப் பாடப்பட்டது. புதிய கவிதை, மழை வருமுன் எழும் மண்ணின் மணத்தை நினைவுகூர்ந்து மக்களை நோக்கி எழுதப்பட்டது. முன்னது கடமை, பின்னது நினைவு. நினைவு கடமைக்கு ஈடாகாது. ஆனால் நினைவு ஓதம் மொழியிலேயே எழுதப்பட்டிருப்பதால் கடமைக்குத் திரும்பும் வழி அடைபடவில்லை.

2020இல் எல்லைச் சுவர் கட்டியபோது ஆர்கன் பைப் கள்ளிப் பூங்காவில் சகுவாரோக்கள் இயந்திரங்களால் வீழ்த்தப்பட்டன. ஓதம் மக்கள் புனிதமாகக் கருதிய குன்றில் வெடி வைக்கப்பட்டது. அதனைக் கண்ட முதியோர்க்கு வீழ்ந்தது செடியன்று. 2021இல் தொஹோனோ ஓதம் சட்டமன்றம் சகுவாரோவை ஆளுமை உடைய உயிராக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. கல்லெறியாதே என்று குழந்தைக்குச் சொன்ன சொல் அவ்வாறு சட்டமொழியில் எழுதப்பட்டது.

2023இல் பீனிக்ஸ் நகரில் ஜூன் 30 முதல் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 43 பாகை செல்சியசைத் தாண்டியது. மழை தாழ்ந்தது. சகுவாரோ இரவில் மட்டுமே தன் தோல்துளைகளைத் திறந்து காற்றை உள்ளிழுக்கும் செடி. இரவும் தணியாதபோது அதனால் மூச்சுவிட இயலாது. நூறாண்டு கடந்த செடிகள் கிளை உதிர்த்தும் அடியோடு சாய்ந்தும் வீழ்ந்தன.

இன்றும் ஜூன் இறுதியில் விடியுமுன் துறட்டியோடு கிளம்பும் பெண்கள் உள்ளனர். முன்போல ஊர் முழுதும் காட்டுக்குப் பெயர்வதில்லை. பலர் வார இறுதியில் ஊர்தியில் வந்து பறித்துச் செல்வர். பானைக்கு மாற்றாக உலோகப் பாத்திரமும், கூடைக்கு மாற்றாகக் கம்பிவலையும் வந்துவிட்டன. பாகு கண்ணாடிப் புட்டியில் அடைபடுகிறது. சில ஊர்களில் மதுவிழா நடைபெறுகிறது. அங்கே புறத்தார்க்கு எல்லா இடமும் திறந்திருப்பதில்லை. குழந்தைகளுக்கு முதலில் கற்பிப்பது துறட்டியைப் பிடிக்கும் முறையையன்று. பழத்தைப் பிளந்து, சதையை எடுத்து, தோலைச் சிவப்பு மேலே தெரியுமாறு வானத்தை நோக்கி மண்ணில் வைக்கும் முறையையே.